நான்காவது இடத்தில் ஒரு கூட்டல் குறி

என் தம்பி தங்கச்சிமடத்தில் விசைப்படகுக்குப் போகிறவன். கரைக்கு வந்தால் கையில் போன்தான். "இந்தச் சனியனை எப்போது விட்டுத் தொலைப்பாய்?" என்று அவனைத் திட்டாத நாளில்லை. இப்போது நான் திட்டுவதில்லை.

2020 ஊரடங்கில் நான்கு பேராகப் பப்ஜி என்ற துப்பாக்கிச் சண்டை விளையாட்டைப் போனில் ஆடத் தொடங்கினார்கள். தம்பி, பாம்பனில் ஒருவன், ஏர்வாடியில் ஒருவன், கீழக்கரையிலிருந்து சென்னைக்குப் படிக்கப் போன ஒருவன். அந்த ஆண்டு செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு பப்ஜியைத் தடை செய்தது. தொல்லை ஒழிந்தது என்று அம்மா நிம்மதியானார். மறு வாரமே நால்வரும் ஃப்ரீ ஃபயர் என்ற அதே மாதிரி விளையாட்டில் இருந்தார்கள். 2021 ஜூலையில் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பி.ஜி.எம்.ஐ. வந்ததும் நால்வரும் ஒன்றாகவே அங்கே போனார்கள். விளையாட்டு மாறியது, ஆட்கள் மாறவில்லை. எங்கள் கரையிலும் இதுதானே வழக்கம்? அடுத்த படகில் கூடுதல் பங்கு கிடைக்கும் என்றாலும், கூட்டாளிகளை விட்டு எத்தனை பேர் போகிறார்கள்?

கான்ஸ்டன்ஸ் ஸ்டைன்கூலர், டிமிட்ரி வில்லியம்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் இதைப் பற்றி 2006இலேயே எழுதியிருக்கிறார்கள். வீடும் வேலையிடமும் போக, மனிதர்கள் சும்மா கூடிப் பேச மூன்றாவதாக ஓர் இடம் வேண்டும். இணைய விளையாட்டு அப்படியோர் இடமாக இருக்க முடியும் என்பது அவர்கள் வாதம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், டீக்கடை பெஞ்சைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது உடனே விளங்கும்.

விளையாட்டு நிறுவனங்களுக்கும் இது நன்றாகவே தெரியும். கிளாஷ் ஆஃப் கிளான்ஸ் என்ற விளையாட்டில் 50 பேர் வரை ஒரு குழுவாகச் சேரலாம்; குழுப் போரில் ஒருவன் வராவிட்டால் நஷ்டம் எல்லோருக்கும். நாளைக்குப் பரீட்சை இருக்கும் பிள்ளையை நள்ளிரவில் எழுந்து போகவிடாமல் பிடித்து வைப்பது, கூட்டாளிகளைக் கைவிடுகிறோமே என்ற கூச்சம்தான். நட்பைக் கயிறாகத் திரித்துப் பிள்ளையின் காலில் கட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் போனைப் பிடுங்கும் பெற்றோர், அதற்கு முன் "யாரோடு ஆடுகிறாய்?" என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். நான் கேட்கவே இல்லை.

சென்ற ஆண்டு பாம்பன் பையன் போன படகு கடலில் பிடிபட்டது. ஐந்து வாரம் அக்கரைச் சிறையில் இருந்தான். அந்த நாட்களில் ஓர் இரவு தம்பியின் போனை எட்டிப் பார்த்தேன். நான்கு பேர் நிற்க வேண்டிய இடத்தில் மூன்று உருவங்கள் நின்றன. நான்காவது இடத்தில் வெறும் கூட்டல் குறி. முன்பின் தெரியாத ஒருவரை விளையாட்டே சேர்த்துக்கொடுக்கும் வசதி உண்டு. தம்பி அதை அணைத்து வைத்திருந்தான். மூன்று பேராக ஆடினால் தோற்றுப்போவீர்களே என்றேன். "தோற்றால் தோற்கட்டும் அக்கா, அது அவன் இடம்" என்றான்.

ஐந்து வாரமும் தோற்றார்கள்.

அவன் ஊர் திரும்பிய அன்று இரவு, தன் அண்ணன் போனிலிருந்து உள்ளே வந்தான். கூட்டல் குறி மறைந்து அவன் உருவம் வந்து நின்றது. மைக்கில் சற்று நேரம் யாருமே பேசவில்லை. பிறகு தம்பிதான் கேட்டான்: "அங்கே என்னடா சோறு போட்டார்கள்?" விடியும்வரை பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று அவர்கள் ஆட்டத்தைத் தொடங்கவே இல்லை.