சோதனை இல்லாவிட்டால் நோயும் இல்லையா?

அந்தக் காணொளியை எனக்கு அனுப்பாதவர்கள் இனி யாரும் மிச்சமில்லை என்று நினைக்கிறேன். ஆகவே அதை விவரிக்கப் போவதில்லை. வேப்பிங்கால்தான், அதாவது மின்சிகரெட் இழுப்பதால்தான், நுரையீரல் கெட்டது என்று காட்ட ஒரு பரிசோதனைகூடக் கிடையாதாம், டாக்டர்கள் ஊகித்துச் சொல்கிறார்களாம். தனிப் பரிசோதனை கிடையாது என்பது உண்மை. ஊகம் என்பதுதான் பொய்.

2019-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின், இல்லினாய் மாநிலங்களில் முதலில் கவனத்துக்கு வந்த இந்தப் பாதிப்பை 'ஈவாலி' என்கிறார்கள். ஈவாலிதான் என்று உறுதிசெய்ய, அறிகுறி தொடங்குவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் வேப் இழுத்திருக்க வேண்டும், எக்ஸ்ரேயிலோ சி.டி. ஸ்கேனிலோ நுரையீரலில் வெண்படலம் தெரிய வேண்டும். ஃப்ளூ முதலான தொற்றுகள் இல்லையென்று சோதித்து விலக்க வேண்டும். இதயக் கோளாறு போன்ற வேறு காரணமும் பொருந்தக் கூடாது. இத்தனையும் கழித்த பிறகு எஞ்சுவதைத்தான் காணொளியில் பேசும் தம்பி சிரித்துக்கொண்டே ஊகம் என்கிறார்.

என் அக்கா மகன் அப்போது சிகாகோவில் படித்துக்கொண்டிருந்தான். வாந்தியும் வயிற்றுப்போக்குமாகத் தொடங்கியதால் முதலில் வயிற்றுக்கு மருந்து கொடுத்தார்கள். பிறகு நிமோனியா என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மூச்சிரைப்பு மட்டும் கூடிக்கொண்டே போனது. அக்கா கட்டிலருகே உட்கார்ந்திருந்தவரை, பழக்கம் ஏதும் உண்டா என்று கேட்ட எல்லோரிடமும் இல்லையென்றே சொன்னான். கடைசியில் ஒரு நர்ஸ், அக்காவைக் காபி குடித்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார். அவள் திரும்புவதற்குள் உண்மை வெளியே வந்திருந்தது. அன்று மாலையே ஸ்டீராய்டு தொடங்கினார்கள். கேட்கிற விதத்தில் கேட்பதும் பரிசோதனைதான், ஐயா.

"அது கள்ளச்சந்தைக் கஞ்சா எண்ணெயால் வந்தது" என்று எழுத வருவீர்கள், தெரியும். 51 நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தைச் சோதித்ததில் 48 பேரிடம், கள்ளச்சந்தைக் கஞ்சா எண்ணெயில் கலக்கப்பட்ட வைட்டமின் இ அசிட்டேட் என்ற பொருள் இருந்தது. பெரும்பாலோர் கஞ்சாச் சத்து கலந்ததை இழுத்தவர்கள். மறுக்கவில்லை. நிகோட்டின் மட்டுமே இழுத்ததாகச் சொன்னவர்களும் அந்த நோயாளிகளில் உண்டு. அவர்கள் பொய் சொல்லியிருக்கலாம் என்பீர்கள்; நோயாளி மறைப்பான் என்பதைத்தானே நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்? இந்தியாவில்தான் மின்சிகரெட்டை 2019-லேயே தடை செய்துவிட்டார்களே என்பவர்களுக்கு என் வாழ்த்துகள்.

அமெரிக்காவில் 2020 பிப்ரவரி வரையிலான கணக்கில் 2,807 பேர் பாதிக்கப்பட்டு, அவர்களில் 68 பேர் இறந்திருந்தார்கள். அந்த நாட்களில் அக்காவைத் தொலைபேசியில் அழைத்து, "பிள்ளையை வளர்த்த லட்சணமா இது?" என்று கேட்ட உறவினர்கள்தான் இன்று இந்தக் காணொளிக்குச் சிரிப்புப் பொம்மை போடுகிறார்கள். அன்று வளர்ப்பு சரியில்லை. இன்று நோயே கிடையாது. இரண்டில் ஒன்றில் நில்லுங்கள். முடியாதென்றால், அக்காவை அதில் டேக் செய்யாமலாவது இருங்கள்.