அரசுக் கல்லூரியில் மதம் பற்றிய பாடம் சட்டவிரோதமா?

வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பகுதிப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில், "அரசுக் கல்லூரிகளில் இளங்கலை மாணவர்களுக்கு இறையியலையும் அரசியலையும் சேர்த்துப் பாடம் நடத்துவது அரசியலமைப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுக்கு எதிரானது" என்ற தகவல் பரவி வருகிறது. இது தவறான தகவல்.

முழுக்க அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனங்களில் மதபோதனை கூடாது என்பதே அப்பிரிவின் விதி. மதங்களின் கோட்பாட்டையும் வரலாற்றையும் அரசியல் தாக்கத்தையும் ஆராய்ந்து கற்பிப்பதை அது தடுக்கவில்லை. இந்த வேறுபாட்டை 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கரே எடுத்துரைத்தார். குருநானக்கின் வாழ்வையும் போதனைகளையும் கல்வி நோக்கில் பயில்வது மதபோதனை ஆகாது என்று 1971-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2002-இல், பள்ளிப் பாடத்திட்டம் தொடர்பான அருணா ராய் வழக்கிலும் இவ்வேறுபாட்டை ஏற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே சைவ சித்தாந்தம், வைணவம், கிறித்தவம், சமணம் ஆகியவற்றுக்குத் துறைகள் இயங்குகின்றன.

வகுப்பறையில் இது எப்படி இருக்கும்? ஒரு மாணவியைத் திரிசரணம் ("புத்தம் சரணம் கச்சாமி" என்று தொடங்கும் பௌத்த உறுதிமொழி) சொல்லியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினால் அது போதனை. 1898-இல் சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசர் பௌத்தத்தை ஏற்றதற்கும் சாதி மறுப்புக்கும் என்ன தொடர்பு என்று அவளை எழுதச் சொன்னால் அது கல்வி. வடசென்னைப் பிள்ளைகள் தங்கள் முன்னோரின் அரசியலைப் புரிந்துகொள்ள இத்தகைய பாடம் மிகவும் தேவை என்றே கருதுகிறேன்.

அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மதபோதனை நடந்தாலும், விருப்பமில்லாத எவரையும் அதில் பங்கேற்கும்படி கட்டாயப்படுத்த முடியாது. 18 வயது நிரம்பாதவராயின் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும்.