தேர்வு எழுத எதற்கு நாற்பது சதவீதம்?

உடல் பாதிப்பு முப்பது சதவீதம் என்று போட்ட சான்றிதழோடு, தேர்வில் கூடுதல் நேரம் கேட்டு வரும் மாணவியை, "நாற்பது இருந்தால்தான் அம்மா செய்ய முடியும்" என்று திருப்பி அனுப்பும் கல்லூரி அலுவலகங்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. எந்த விதியில் இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. வழக்கம் என்பார்கள்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் நாற்பது சதவீதம் இருப்பது உண்மைதான். உயர்கல்வியில் 5 சதவீத இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு அது வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகியவற்றைப் பேசும் 17ஆவது பிரிவில் அந்த எண்ணே கிடையாது. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வுக்காக உச்ச நீதிமன்றம் வரை போய், 2021 பிப்ரவரியில் இதைத் தெளிவாகவே தீர்ப்பாக வாங்கினார். மறு ஆண்டு ஆகஸ்டில், நாற்பதுக்குக் கீழே உள்ளவர்களுக்கென்றே மத்திய அரசு தனி நெறிமுறை வெளியிட்டது. மணிக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் நேரம் என்று அதில் இருந்தது. கல்லூரி அலுவலகங்களுக்கு இது இன்னும் வந்து சேரவில்லை போலும்.

எங்கள் துறையில் ஒரு மாணவிக்குச் சிறுவயது முதலே முடக்குவாதம், மூட்டுகள் வீங்கி விறைத்துப்போகும் நோய். காலையில் விரல்கள் விறைத்திருக்கும். வெந்நீரில் கையை வைத்திருந்து நீவி விட்ட பிறகே பேனா பிடிக்க வரும். மருத்துவக் குழு அவளைப் பார்த்தது உச்சிப் பொழுதில். கையை மூடச் சொன்னார்கள், மூடினாள். மூட்டு எவ்வளவு மடங்குகிறது, பிடியில் எவ்வளவு பலம் என்று பார்த்துச் சதவீதம் போட்டார்கள். அவர்கள் கணக்கில் தவறில்லை. ஆனால் தேர்வு காலை பத்து மணிக்கு, மூன்று மணி நேரம்.

அவளுடைய விடைத்தாளைத் திருத்தியவர்களுக்கு எந்தச் சான்றிதழும் தேவைப்படாது. முதல் பக்கத்தில் எழுத்து மணிமணியாக இருக்கும். ஐந்தாறு பக்கம் தாண்டியதும் எழுத்து பெருத்து, வரிக்கோட்டிலிருந்து சரியத் தொடங்கும். கடைசியில் பத்து மதிப்பெண் கேள்விக்கு நான்கே வரி, அதுவும் சரியான நான்கு வரி. இப்படிப்பட்ட பழைய விடைத்தாளின் நகலையும் விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

மருத்துவர் கடிதத்திலும் கோளாறு இருக்கிறது. அவள் முதலில் கொண்டுவந்த கடிதத்தில், "முடக்குவாதத்துக்குச் சிகிச்சை பெறுகிறார், தகுந்த உதவி செய்யவும்" என்று மட்டும் இருந்தது. தகுந்த உதவி என்றால் என்ன என்று எழுத்தர் எப்படி முடிவு செய்வார்? அவரைக் குறை சொல்ல மாட்டேன். திரும்பப் போய் வாங்கிவந்த கடிதம்தான் வேலை செய்தது: தொடர்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் எழுத இயலாது; காலைநேர விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும்; கூடுதல் நேரமும் இடையிடையே கையை ஆற்றிக்கொள்ள அனுமதியும் வேண்டும்; வீக்கம் கூடும் நாட்களில் சொல்வதை எழுதுபவர் தேவை; படிப்பு முடியும்வரை இந்நிலை தொடரும். அந்தக் கடைசி வரி மிக முக்கியம். இல்லாவிட்டால் ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதுச் சான்று கேட்பார்கள், முடக்குவாதம் கோடை விடுமுறையில் குணமாகிவிடும் என்பதுபோல.

போலிச் சான்றிதழ் பெருகிவிடும் என்று சக ஆசிரியர்கள் சிலர் பயப்படுகிறார்கள். இட ஒதுக்கீட்டில் அந்தப் பயம் நியாயம். இங்கே கிடைப்பது மூன்று மணி நேரத் தாளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். படிக்காதவன் அந்த ஒரு மணி நேரத்தில் எதை எழுதிவிடப் போகிறான்?

பெண் பிள்ளைக்கு இப்படி ஒரு காகிதம் இருப்பது நாளை வரன் பார்க்கும்போது தெரிந்துவிடுமே என்று தயங்கும் பெற்றோரும் உண்டு. கல்லூரிக் கோப்பில் இருப்பதை யாரும் தரகரிடம் காட்டப் போவதில்லை.

எழுதுவதில் சிரமம் உள்ளது என்பதற்கு அரசு மருத்துவமனையின் சான்றும் வேண்டியிருக்கும். சிகிச்சை பார்க்கும் மருத்துவரின் விரிவான கடிதத்தைக் கையோடு கொண்டுபோனால் அங்கே பேச்சு சுருங்கும். விண்ணப்பத்தை முதல் செமஸ்டரிலேயே முதல்வருக்கும் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கும் தனித்தனியாகக் கொடுத்துவிடுங்கள். 17ஆவது பிரிவை அதில் குறிப்பிடுங்கள். நகலில் தேதியும் முத்திரையும் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தரமாட்டார்கள், அனுமதியைத் தந்துவிடுவார்கள்.