படம் இல்லாமல் வந்தால் ஏன் வலிக்கிறது?

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் திருகோணமலையில் 2017 முதல் போராடுகிறார்கள். மகனின் படத்தை ஏந்தி நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்கள் தெருவில் நிற்பதை ஊர் குறை சொல்வதில்லை, ‘அம்மா’ என்று உருகுகிறது. அந்தப் பெண்களில் ஒருவர் பிரதேச சபைக்குப் போட்டியிடுவதாகச் சொல்லட்டும், “யாருடைய வாகனத்தில் போய் வருகிறாள்?” என்று மறுநாளே கேட்பார்கள். எதிலும் ஒன்றுபடாத தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினமும் எங்கள் மாவட்டத்தில் ஒன்றுபடும் இடம் இதுதான்.

ஓர் ஆணை இழந்த துயரத்தோடு வந்தால்தான் பெண்ணுக்குப் பொதுவெளியில் இடம். 1960இல் உலகின் முதல் பெண் பிரதமரான சிறிமாவோ பண்டாரநாயக்க, கணவர் கொல்லப்பட்ட பிறகே அரசியலுக்கு வந்தார். இராசமனோகரி புலேந்திரனும் விஜயகலா மகேஸ்வரனும் கணவர்களைக் கொலைக்குப் பறிகொடுத்த பின் நாடாளுமன்றம் சென்றவர்கள். அவர்களுடைய துணிவைப் பற்றி எனக்குக் கேள்வியே இல்லை. ஆனால் கலியாண வீட்டில் கைம்பெண்ணை ஒதுங்கி நிற்கச் சொல்லும் நாம், வேட்பாளர் பட்டியலுக்கு மட்டும் அவளைத் தேடிப் போகிறோமே, இது என்ன நியாயம்? அனுதாப வாக்குக்குச் சகுனம் பார்ப்பதில்லை போலும்.

2024 பொதுத் தேர்தலில் எங்கள் மாவட்டத்தின் 4 ஆசனங்களுக்கும் ஆண்களே தெரிவானார்கள்.

உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு 2016இல் சட்டமாகி, 2018 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. நல்ல சட்டம்தான். ஆனால் வட்டாரத்தில் நேரடியாகப் போட்டியிடும் வேட்பாளர்களில் 10 சதவீதம், கட்சி பெறும் வாக்குகளுக்கு ஏற்ப உறுப்பினர்களை நியமிக்கும் மேலதிகப் பட்டியலில் 50 சதவீதம் பெண்கள் என்று அது வகுத்த வழியைக் கட்சிகள் நன்றாகப் புரிந்துகொண்டன. வெல்லக்கூடிய வட்டாரம் ஆணுக்கு. பட்டியலை நிரப்ப யாராவது ஒருவரின் மனைவி, மைத்துனி. “பெயரை மட்டும் தாருங்கள் தங்கச்சி, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.” பட்டியலில் இருந்து யாரைச் சபைக்கு அனுப்புவது என்பதும் கட்சியின் கையில்தான்.

தகுதியான பெண்கள் இல்லை என்ற பேச்சு எனக்கு எரிச்சலூட்டுகிறது. மூதூரிலும் குச்சவெளியிலும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களின் கடன் கணக்கை எழுதி, பிரதேச செயலகத்துக்கு அலைந்து, வீதிக்கும் கிணற்றுக்கும் மனுக் கொடுப்பவர்கள் யார்? கிழக்கில் சீதன வீடு பெண்ணின் பெயரில்தான் இருக்கிறது. அந்த வீட்டு மதிலில் ஒட்டும் சுவரொட்டியில்தான் அவள் முகத்தைக் காணோம்.

தங்கச்சிமாரே, அடுத்த முறை பெயர் கேட்டு யாராவது வந்தால், எந்த வட்டாரம் என்று முதலில் கேளுங்கள். பட்டியல்தான் என்று இழுத்தால், வென்ற பிறகு யாரை அனுப்புவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.