சம இரவு நாளில் 40 டிகிரி கொதிக்குமா?

"அடுத்த ஐந்து நாட்களுக்கு ஈக்வினாக்ஸ் தாக்கும், வெயில் 40 டிகிரியைத் தொடும்" என்ற வாட்ஸ்அப் செய்தி மார்ச் மாதங்களில் சிங்கப்பூர், மலேசியாவில் சுற்றுகிறது. தவறு.

ஈக்வினாக்ஸ், அதாவது பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் சம இரவு நாள், புயல் அல்ல, தாக்குவதற்கு. மார்ச் 20 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வரும் கணம், அவ்வளவுதான். அதற்குச் சில நாட்கள் முன்னும் பின்னும் சிங்கப்பூரின் உச்சிவெயில் ஏறக்குறைய அதே அளவில்தான் விழுகிறது. வெப்பத்தைக் கூட்டிக் குறைப்பவை மேகமும் காற்றும் மழையும். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து வானம் தெளிந்தால் புழுங்கும்; பிற்பகலில் இடியுடன் மழை கொட்டினால் தணியும்.

சிங்கப்பூரில் இதுவரை பதிவான உச்சமே 37 டிகிரிதான். அதுவும் 1983 ஏப்ரலிலும் 2023 மே மாதத்திலும், சம இரவு நாள் கடந்து வாரக்கணக்கான பிறகு!

அந்த வாட்ஸ்அப் செய்தியில் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லும் வரி மட்டும் சரி.