கூட்டிப் பார்த்தால் வராத பலம்
நாரும் ரெசினும் போலப் பல பொருள்கள் சேர்ந்த கலவைகளைப் பற்றி வாசித்த ஒரு கட்டுரைக்கு இது என் பதில். ஒவ்வொரு கூறின் வலிமையையும் அதன் கனஅளவுப் பங்கால் பெருக்கிக் கூட்டினால் கலவையின் வலிமை வந்துவிடும் என்கிறது அந்தக் கட்டுரை. விறைப்புக்கு, அதாவது இழுத்தால் எவ்வளவு நீளாமல் நிற்கும் என்பதற்கு, அது சரி, அதுவும் நார் ஓடும் திசையில் இழுத்தால் மட்டும். முறியும் வலிமைக்குக் கொண்டுபோனால் கணக்கு கந்தல்தான். திருகோணமலைத் திருக்கடலூர்க் கரையில் நிற்கிற பைபர் போட்டையே எடுங்கள். கண்ணாடி நார் தனியாக ஏறத்தாழ 3400 மெகாபாஸ்கல் (வலிமையை அளக்கும் அலகு) இழுவை தாங்கும், நாரைப் பிடித்துவைக்கும் பிசினான பொலியெஸ்டர் ரெசின் 60 அளவில். வெட்டு நார்ப் பாய் வைத்துப் போட்டால் நாரின் பங்கு சுமார் 17 சதவீதம். கட்டுரைக் கணக்குப்படி 600ஐத் தாண்டவேண்டும். கிடைப்பது 100 பக்கம்தான்! நார்கள் குட்டை குட்டையாக நாலாபக்கமும் கிடக்கின்றன. போதாக்குறைக்கு, ரெசின் 2 சதவீதம் அளவு நீண்டதுமே வெடித்துவிடும், கண்ணாடி 4ஐத் தாண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் தங்கள் முழுப் பலத்தைக் காட்டுவதில்லை. கொங்கிறீட்டிலும் இதே கதைதான்: நல்ல கருங்கல் 150க்கு மேல் நசுக்கம் தாங்கும், ஆனாலும் நாங்கள் வீட்டுக்குப் போடுவது 20, 25தான். கல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய சீமெந்துப் படைதான் முதலில் விடுகிற இடம். அந்த ஒட்டும் இடத்துக்குக் கட்டுரையின் சூத்திரத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. போன வாடைக்கு முன் எங்கள் போட்டின் அடியில் நானே ஒரு ஒட்டுப் போட்டேன். அவசரத்தில் உப்பையும் எண்ணெயையும் சரியாக உரசி எடுக்கவில்லை, என் பிழைதான். இரண்டாம் நாள் கடலுக்குப் போய்வந்தபோது ஒட்டு முழுசாக உரிந்து கையோடு வந்தது. நாரும் அறவில்லை, ரெசினும் வெடிக்கவில்லை.