அந்தப் பந்து வெளியே போகவில்லை

2022 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக ஜப்பான் அடித்த இரண்டாவது கோல் மோசடி என்று ஒரு படம் இன்னும் சுற்றி வருகிறது. கோல் விழுவதற்கு முன்பே பந்து களத்தின் எல்லைக் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டது என்பதுதான் குற்றச்சாட்டு. கோட்டுக்கும் பந்துக்கும் நடுவே பச்சைப் புல் தெரிகிறதே, வீடியோ நடுவர் கண்ணை மூடிக்கொண்டாரா என்று கேட்கிறார்கள்.

புல் தெரிவது உண்மைதான். ஆனால் விதி பார்ப்பது பந்து தரையைத் தொடும் இடத்தை அல்ல. முழுப் பந்தும் கோட்டைத் தாண்டினால்தான் அவுட். பந்தின் குறுக்களவு சுமார் 22 செ.மீ. அதன் அடிப்பகுதி கோட்டுக்கு வெளியே பத்து செ.மீ. தள்ளித் தரையில் இருந்தாலும், வயிற்றுப் பகுதி கோட்டின் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். வீட்டில் தரை ஓடுகளின் இடுக்கைக் கோடாக வைத்துப் பாருங்கள்: பக்கத்திலிருந்து இடைவெளி தெரியும், நேர் மேலிருந்து பார்த்தால் மறைந்துவிடும்.

களத்தில் முதலில் கோல் இல்லை என்றுதான் சொன்னார்கள். வீடியோ நடுவர்கள் கோல் கோட்டுக் கேமராவைப் பார்த்து அதை மாற்றினார்கள். மறுநாள் ஃபிஃபா அந்தக் காட்சியை வெளியிட்டது. அந்த ஆட்டத்தின் முடிவால் ஜெர்மனி போட்டியிலிருந்து வெளியேறியதால் கோபம் பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

இதற்காக வீடியோ நடுவர்கள் தவறே செய்ய மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. 2023 செப்டம்பரில் இங்கிலாந்து லீக்கில் டாட்டன்ஹாமுக்கு எதிராக லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் அடித்த நல்ல கோல் பறிபோனது. களத்தில் ஆஃப்சைடு, அதாவது கோல் செல்லாது என்று கொடுத்திருந்ததை, கோல் கொடுத்ததாக நினைத்து வீடியோ நடுவர்கள் ‘சரி’ சொல்லிவிட்டார்கள். திட்டுவதென்றால் அதைத் திட்டலாம்.